கண்குழியோரக் கட்டிகள்: எதற்குக் காத்திருக்கலாம், எதை அன்றே அனுப்ப வேண்டும்?

டிஸ்பென்சரி சிஸ்டர், திரியோலே

அனைவருக்கும் வணக்கம். தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளில் சிலருக்குக் கண்ணோரத்தில் கட்டி தெரிகிறது. வீட்டில் அதைக் கண்கட்டி என்று நினைத்து நாமக்கட்டியை உரசிப் பூசியிருப்பார்கள், அல்லது சூடான துணியால் ஒத்தியிருப்பார்கள். இங்கே மொரிஷியஸில், மோகாவில் உள்ள சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனைக்கு எல்லோரையும் அவசரமாக அனுப்பினால் அங்கே வரிசைதான் நீளும். அனுப்பாமல் விடவும் பயம். எங்களிடம் இருப்பது டார்ச், ஸ்கேல், போன் காமிரா. இவற்றை வைத்து எப்படிப் பிரிப்பது? பிறவியிலேயே வரும் அபூர்வ வகைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்குழி அறுவை, கத்ர் போர்ன்

சிஸ்டர், கட்டியின் அளவைப் பிறகு பார்க்கலாம். முதலில் இடம்.

புருவத்தின் வெளி நுனியில் இருந்தால் பெரும்பாலும் டெர்மாய்டு. நெற்றி எலும்பும் கன்ன எலும்பும் சேரும் தையல் அங்கேதான் இருக்கிறது. கருவில் எலும்புகள் நெருங்கி மூடும்போது மேல்தோலின் ஒரு துணுக்கு உள்ளே அகப்பட்டுவிடுகிறது. தோல் என்பதால் அது தோலின் வேலையை விடாமல் செய்கிறது: செதில் உதிர்க்கிறது, எண்ணெய் சுரக்கிறது, முடி வளர்க்கிறது. எதற்கும் வெளியேற வழியில்லை, ஆகவே பை மெல்லப் பெருக்கிறது.

விரலால் மூன்று விஷயம் பாருங்கள். மேலே உள்ள தோல் கட்டியின்மேல் தாராளமாக நகர்கிறதா? அடியில் எலும்போடு ஒட்டியிருக்கிறதா, அசைகிறதா? கட்டியின் பின்விளிம்பைச் சுற்றி விரல் நுனி போகிறதா? தோல் நகர்ந்து, பின்விளிம்பும் கைக்கு எட்டினால் அது மேலோட்டமான டெர்மாய்டு. சாதாரண அப்பாயிண்ட்மென்ட் போதும். பின்விளிம்பு கைக்கு எட்டாமல் கட்டி கண்குழிக்குள் இறங்கிப் போனால் ஸ்கேன் இல்லாமல் யாரும் கத்தி எடுக்கக் கூடாது.

மூக்கோரம் வேறு கதை. கண்ணின் உள்மூலையில் தசைநார் ஒன்று குறுக்கே போகிறது, இமையை வெளிப்பக்கமாக இழுத்தால் கைக்குத் தட்டுப்படும். அந்தக் கோட்டுக்குக் கீழே, பிறந்த சில நாட்களில், நீலம் பாய்ந்த கட்டி என்றால் கண்ணீர்ப்பை வீக்கம். கோட்டுக்கு மேலே என்றால் டெர்மாய்டாகவும் இருக்கலாம், எலும்பில் உள்ள ஓட்டை வழியே பிதுங்கிய மூளை உறையாகவும் இருக்கலாம். குழந்தை அழும்போது பெரிதாகிறதா, விரலுக்கடியில் துடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அமுக்க வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம், நேரே அனுப்புங்கள். துடிப்பு இல்லை என்பதால் மூளை உறை இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். உள்மேல் மூலையில் எது இருந்தாலும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு.

ரோஸ் ஹில் ஆப்டோமெட்ரி

கட்டியைப் பார்த்துவிட்டுப் பார்வையைச் சோதிக்காமல் விடுவது வழக்கமாக நடக்கிறது. மேல் இமையை அழுத்தும் கட்டி கருவிழியின் வளைவை மாற்றும். சிலிண்டர் பவர் ஒரு கண்ணில் மட்டும் ஏறும். மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டால் கட்டியை எடுத்த பிறகும் சோம்பல் கண் மிஞ்சும்.

டிஸ்பென்சரியில் செய்யக்கூடியது: ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மறு கண் டார்ச்சைத் தொடர்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தை மூடும்போது மட்டும் குழந்தை முரண்டு பிடித்தால் திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவு என்று பொருள். பிறகு இரண்டு கண்ணிலும் சிவப்பு ஒளி சமமாகத் திரும்புகிறதா? வெள்ளையாகத் தெரிந்தால் கட்டிப் பேச்சை நிறுத்திவிட்டு அன்றே அனுப்புங்கள்.

எங்கள் பக்கத்தில் கண்மணியை விரிக்கும் சைக்ளோபென்டோலேட் சொட்டு விட்டு ரெட்டினோஸ்கோப்பி (ஒளி பாய்ச்சிக் கண்ணின் பவரை அளப்பது) செய்வோம். கைக்குழந்தைக்கு 0.5%, வளர்ந்தவர்களுக்கு 1%. சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்கு வழியாக இரத்தத்தில் சேர்வது குறையும்.

டிஸ்பென்சரி சிஸ்டர், திரியோலே

நன்றி. அப்படியானால் "அன்றே அனுப்பு" என்ற வரிசையில் எவை எவை?

கண்குழி அறுவை, கத்ர் போர்ன்

நாட்கணக்கில் பெருக்கும் கட்டிதான் முதலில். டெர்மாய்டு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளரும். 7, 8 வயதுப் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் கண் முன்தள்ளி இமையும் வீங்கினால் ராப்டோமயோசார்கோமா என்று நினைத்தே நகர வேண்டும், அது தசைப் புற்று. "நேற்று பந்து பட்டது" என்று வீட்டார் சொல்வார்கள். பந்து பட்டது உண்மையாகவே இருக்கும், ஆனால் கட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

அடுத்து, கண் அசைய மறுப்பது, இரட்டையாகத் தெரிவது, கண்மணி வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்காதது. காய்ச்சலோடு சிவந்த வீக்கம். பிறந்த அன்றே பிதுங்கி இமை மூடாத கண். சளியோ இருமலோ வந்தபின் திடீரென்று நீலமாக வீங்கியது. இது பொதுவாக நிணநாளக் கோளாறுக்குள் இரத்தம் கசிந்தது, பார்வை நரம்பை அழுத்தலாம். இவையும், முன்பு சொன்ன வெள்ளை ஒளியும், அழும்போது பெருக்கும் அல்லது துடிக்கும் கட்டியும் தவிர மற்றதெல்லாம் வாரக்கணக்கில் காத்திருக்கலாம்.

காது மூக்கு தொண்டை, போர்ட் லூயி

கண்ணீர்ப்பை வீக்கத்தை அவ்வளவு எளிதில் கடந்துவிட வேண்டாம். கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாயின் கீழ்வாயில் சவ்வு திறக்காமலும் மேல்வாய் வால்வு போல ஒருவழியாக மூடியும் இருப்பதால்தான் பை உப்புகிறது. அதே பை மூக்குக்குள்ளும் தொங்கிக்கொண்டிருக்கும். பிறந்த குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். இரண்டு பக்கமும் அடைத்தால் பால் குடிக்கும்போது நீலமாகும், வாய் திறந்து அழும்போது நிறம் திரும்பும். அப்படிச் சொன்னால் அப்பாயிண்ட்மென்ட் எழுதிக்கொண்டிருக்காமல் அவசர ஆம்புலன்ஸுக்கு 114-ஐ அழையுங்கள்.

மூச்சுக்குச் சிரமமில்லை, காய்ச்சலும் இல்லை என்றால் மசாஜ் செய்து பார்க்கலாம். சுட்டுவிரலை உள்மூலைக்கு மேலே வைத்து, அழுத்தியபடியே மூக்கின் பக்கவாட்டில் கீழே இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு 5 முதல் 10 அழுத்தம், நாளைக்கு 4 தடவை. வட்டமாகத் தேய்ப்பதால் ஒரு பலனும் இல்லை, தோல்தான் சிவக்கும். இதையே மாதக்கணக்கில் செய்துகொண்டிருக்கவும் கூடாது. சாதாரணக் கண்ணீர் வடிதலுக்கு ஒரு வயது வரை பொறுப்போம். இந்த வீக்கம் சீக்கிரம் சீழ் பிடிக்கும், அதனால் ஓரிரு வாரத்தில் வடியாவிட்டால் கண்ணீர்க் குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டுத் திறப்பது நல்லது. அதே மயக்கத்தில் எண்டோஸ்கோப் வைத்து மூக்குக்குள் தொங்கும் பையையும் திறந்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் வந்தால் மறுபடி அடைக்கும். சீழ் பிடித்திருந்தால் முதலில் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக், அழற்சி தணிந்த பிறகு கம்பி. வீக்கத்தின் நடுவே கம்பி விட்டால் பொய்வழி போட்டுவிடுவோம்.

ஸ்கேன் மேசை

எல்லா டெர்மாய்டுக்கும் சிடி எழுதுகிறார்கள், அது தேவையில்லை. கண்குழி அறுவை மேலே சொன்ன மேலோட்டமான வகைக்கு விரலே போதும், சந்தேகமிருந்தால் அல்ட்ராசவுண்டு. குழந்தையின் லென்ஸ் நேர்க்கதிரில் வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

சிடி எடுத்தே ஆக வேண்டும் என்றால் எலும்புக்காக எடுங்கள். டெர்மாய்டு நெடுங்காலம் அழுத்தியதால் எலும்பில் வழுவழுப்பான குழி இருக்கும், விளிம்பு தடித்திருக்கும். விளிம்பு அரித்த மாதிரி கரடுமுரடாக இருந்தால் டெர்மாய்டு என்ற எண்ணத்தை விட வேண்டும். உள்ளே கொழுப்பு இருந்தால் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (சிடியில் அடர்த்தியைக் காட்டுவது) 0-க்குக் கீழே போகும். கொழுப்பும் திரவமும் மட்டம் பிரிந்து நின்றால் கேள்வியே இல்லை. கொழுப்பு தெரியாத டெர்மாய்டுகளும் உண்டு, அதை வைத்து மறுக்க முடியாது.

உள்மேல் மூலைக்கு எம்ஆர்ஐ. கொழுப்பை அடக்கிய வரிசையும் டிஃப்யூஷன் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டும்) வரிசையும் கேட்டு எழுதுங்கள். மருந்து ஏற்றியபின் விளிம்பு மட்டும் மெல்லிதாக ஒளிர்ந்தால் பை, முழுவதும் ஒளிர்ந்தால் திண்மக் கட்டி. மூளையோடு தொடர்பு இருக்கிறதா என்பதற்கு மெல்லிய துண்டுகளாக டி2 (திரவம் வெள்ளையாகத் தெரியும் வரிசை) வேண்டும். சீட்டில் "கண் வீக்கம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்களால் எதையும் திட்டமிட முடியாது. இடம், எப்போதிலிருந்து, அழுதால் பெருக்கிறதா, இந்த மூன்றாவது இருக்கட்டும்.

ரோஸ் ஹில் ஆப்டோமெட்ரி

பெரியவர்களிடமும் இது உண்டா? சாப்பிடும்போது ஒரு கண் முன்னே வருகிறது என்று ஒருவர் சொன்னால்?

கண்குழி அறுவை, கத்ர் போர்ன்

உண்டு, அதற்குத்தான் கண்குழி வெளிச்சுவரின் சிடி. உடுக்கை வடிவ டெர்மாய்டு அது: ஒரு பாதி கண்குழிக்குள், மறு பாதி நெற்றிப்பொட்டுக் குழியில், நடுவில் எலும்புத் துளையில் ஒரு கழுத்து. மெல்லும்போது பொட்டுத்தசை வெளிப்பாதியை அமுக்க, சரக்கு உள்பாதிக்குள் ஏறிக் கண்ணைத் தள்ளுகிறது. மிளகாய் பிசைந்த தோல்பூரியைக் கொடுத்து மெல்லச் சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்து கவனித்தால் ஸ்கேனுக்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு பாதியை மட்டும் எடுத்துவிட்டு வந்தால் மீண்டும் வளரும், அதுவும் தழும்பு பிடித்த இடத்தில். துளையின் விளிம்பை பர் (எலும்பு தேய்க்கும் முனை) வைத்து அகலப்படுத்தி, கழுத்தோடு முழுப்பையையும் எடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு மூக்கோரம் வரும் வகைகளில் கண்வெண்படலத் தோல் உறையுள்ள டெர்மாய்டும், அபூர்வமாக மூச்சுக்குழல் உறை போன்ற மயிரிழைச் செல்கள் கொண்ட பையும் உண்டு. இரண்டாவதைப் பார்த்ததும் சைனஸ் மியூக்கோசீல் (சைனஸில் சளி தேங்கி உப்பிய பை) என்று எழுதிவிடுவார்கள். சைனஸ் சுவர் முழுமையாக இருக்கிறதா என்று சிடியில் தேடுங்கள்.

வாசகர், க்யூர்பிப்

ஊசி போட்டு உறிஞ்சிவிட்டால் வேலை முடியாதா? தழும்பும் இருக்காதே.

நோய்க்கூறியல்

டெர்மாய்டில் கூடவே கூடாது. உள்ளே இருப்பது கெரட்டின், எண்ணெய், முடி. ஊசித்துளை வழியாக ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் உடம்பு அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு பல்கரு இராட்சதச் செல்களோடு சண்டைக்குப் போகும். கண்குழி முழுவதும் சிவந்து வீங்கி, செல்லுலைட்டிஸ் (கிருமித் தொற்று) என்று வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஓடும், குறையாது. உறையைத் தொடாமல் உள்ளே இருப்பதை மட்டும் எடுத்ததால் அது மறுபடி நிரம்பவும் செய்யும். விழுந்து அடிபட்டுத் தானாக உடைந்தாலும் இதே கதைதான். குழந்தை ஓடியாடத் தொடங்கும் வயதில் எடுத்துவிடலாம் என்று சொல்வது அதனால்தான்.

எடுத்ததை அனுப்பும்போது முழுப்பையாக, 10% ஃபார்மலினில், திசுவைப்போலப் பத்து மடங்கு அளவு திரவத்தில் அனுப்புங்கள். குறுகிய வாய் டப்பாவில் திணிக்காதீர்கள். மெத்தென்று இருக்கும்போது உள்ளே போய்விடும், ஃபார்மலினில் இறுகிய பிறகு வெளியே எடுக்க முடியாமல் நசுக்குகிறோம். "டெர்மாய்டுதான், அனுப்பத் தேவையில்லை" என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. தோல் உறை மட்டும் இருந்தால் எபிடெர்மாய்டு, உறையோடு முடிவேரும் எண்ணெய்ச் சுரப்பியும் இருந்தால் டெர்மாய்டு, சளி சுரக்கும் கோப்பைச் செல் இருந்தால் கண்வெண்படல வகை, நரம்புத்திசு இருந்தால் அறுவை அறைக்கு உடனே போன்.

கண்குழி அறுவை, கத்ர் போர்ன்

அறுவையில் எனக்குப் பிடித்தது இமை மடிப்புக் கீறல். புருவத்திலேயே கீறினால் பை நேரடியாகக் கைக்கு வரும், ஆனால் தழும்பு புருவ முடிக்குள் வழுக்கையாகத் தெரியும். மடிப்பில் கீறல் 15 முதல் 20 மி.மீ. போதும், தோல் நன்றாக இழுபடும். தசையைப் பிரித்து எலும்புச்சவ்வு வரை போய்ப் பையைச் சுற்றி மொட்டையான கருவியால்தான் பிரிக்க வேண்டும். ஒட்டியிருப்பது தையலின் மேல் ஓரிடத்தில்தான்; அங்கே எலும்புச்சவ்வைச் சேர்த்தே எலிவேட்டர் (தட்டையான நெம்புகருவி) கொண்டு கிளப்பினால் உறை கிழியாது. பல் உள்ள இடுக்கியால் பையைப் பிடித்தால் உடைவது நிச்சயம். பிடிக்க வேண்டுமானால் உறையவைத்து ஒட்டும் கிரையோ முனை, அல்லது சுற்றியுள்ள திசுவைப் பிடிப்பது.

உடைந்தே விட்டால் பதறாமல் உறிஞ்சி, எல்லாப் பக்கமும் உப்புநீரால் நிறையக் கழுவி, உறையின் ஒவ்வொரு துணுக்கையும் தேடி எடுங்கள். உடைந்ததால் பிரச்சினை இல்லை, மிச்சம் வைத்தால்தான் பிரச்சினை.

மூக்கோரத்தில் கண்குழி விளிம்புக்குச் சில மி.மீ. பின்னே கப்பி இருக்கிறது, மேல்சாய்தசை அதன் வழியாகத்தான் திரும்புகிறது. அதை எலும்பிலிருந்து பிரித்துவிட்டால் இரட்டைப் பார்வை. வெளிமூலையில் கண்ணீர்ச் சுரப்பியின் நாளங்கள். அங்கே மஞ்சளாக, மெத்தென்று, மேலே மெல்லிய முடியோடு தெரிவது டெர்மோலிப்போமா. அது பை அல்ல, பின்னால் போய்த் தேடவும் கூடாது. உறுத்தினால் முன்பகுதியை மட்டும் செதுக்கலாம்.

மயக்க மருந்து, ரோஸ் பெல்

பட்டினி நேரம்: கெட்டி உணவும் டப்பாப் பாலும் 6 மணி, தாய்ப்பால் 4, தெளிந்த நீர் 2, சில இடங்களில் நீரை 1 மணி வரை விடுகிறார்கள், உங்கள் வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு உச்சம் கிலோவுக்கு 7 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 2% மருந்தில் அது 3.5 மி.லி.தான், உண்மையில் 1 மி.லி. போதும். கண் தசையை இழுக்கும்போது இதயத்துடிப்பு சரியும். "இழுப்பதை விடுங்கள்" என்று நான் சொன்னதும் கையை விட வேண்டும், ஏன் என்று பிறகு கேட்கலாம். விட்டும் ஏறாவிட்டால் அட்ரோபின்.

வீட்டுக்கு அனுப்பும்போது தாய்க்கு இது மட்டும் நன்றாகப் பதிய வேண்டும்: வலி கூடிக்கொண்டே போய், கண் கல்லாகிப் பிதுங்கி, பார்வை மங்கினால் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டுகிறது. காலை வரை காத்திருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் போனாலே விழித்திரையும் நரம்பும் மீளாமல் போகலாம். இமைக்கு மேல் இறுக்கமான கட்டு போட்டுவிட்டால் இது தெரியாது, ஆகவே கட்டு வேண்டாம்.

டிஸ்பென்சரி சிஸ்டர், திரியோலே

இன்னொன்று. பிறந்ததிலிருந்தே கண் மிகச் சின்னதாக, கீழ் இமை நீலமாக உப்பியிருந்தால்?

கண்குழி அறுவை, கத்ர் போர்ன்

இதைத்தான் எல்லோரும் தவறாக அவசரப்படுத்துகிறார்கள். கருவின் 5-ஆம் வாரத்துக்கும் 7-ஆம் வாரத்துக்கும் இடையில் கண்ணின் கீழ்ப்பக்கப் பிளவு மூடியிருக்க வேண்டும். மூடாத வழியாக விழித்திரைத் திசு வெளியே பிதுங்கிப் பையாகிறது. பிளவு கீழே என்பதால் பையும் கீழே. மேல் இமைப் பக்கமோ நடுவிலோ பை இருந்து, கண் என்று சொல்ல எதுவுமே இல்லையென்றால் அது அதற்கும் முந்தைய தவறு, 4-ஆம் வாரத்தில் கண்கொப்புளம் உட்குழியாமல் அப்படியே நின்றுவிட்டது.

பையை உடனே எடுத்தால் நஷ்டம் குழந்தைக்குத்தான். கண்குழி எலும்பு உள்ளே இருப்பதன் அழுத்தத்தால்தான் வளர்கிறது. பிறந்தபோது கண்ணின் நீளம் ஏறக்குறைய 17 மி.மீ., பெரியவர்களுக்கு 24. அந்த வளர்ச்சியை இங்கே பைதான் நடத்துகிறது. அதனால் பார்வைக்கு வாய்ப்பில்லாத பக்கத்தில் பையை விட்டுவைத்து, 4, 5 வயதில் எடுத்துவிட்டு உருண்டை பொருத்தலாம். பை அளவுக்கு மீறினால், இமை மூடாமல் போனால், முன்பே எடுக்க வேண்டிவரும்.

க்யூர்பிப் வாசகர் கேட்ட ஊசிக்கு இங்கே மட்டும் ஓர் இடம் உண்டு. உள்ளே கெரட்டின் இல்லை, தெளிந்த திரவம். எம்ஆர்ஐயில் மூளைத் தொடர்பு இல்லை என்று உறுதியானால் உறிஞ்சிக் குறைக்கலாம். மறுபடி நிரம்பும், அது தெரிந்தே செய்வது. என்னைக் கேட்டால் விட்டுவைக்கவே வாக்கு.

கூடவே மறு கண்ணைக் கண்மணி விரித்துப் பாருங்கள், அங்கேயும் பிளவு இருக்கலாம். இதய எக்கோ, சிறுநீரக அல்ட்ராசவுண்டு, காது கேட்கும் சோதனை, மூளை எம்ஆர்ஐ எல்லாம் பட்டியலில் வர வேண்டும்.

செயற்கைக் கண்

பை இல்லாத, வெறும் சின்னக் கண் உள்ள குழிக்கு அக்ரிலிக் கன்ஃபார்மர் (குழி சுருங்காமல் தாங்கும் வளைந்த ஓடு) வைக்கிறோம். பிறந்த சில வாரத்திலேயே தொடங்க வேண்டும், ஒரு வயது கழித்து வந்தால் இமைப் பிளவு குறுகிப்போயிருக்கும். முதலில் சில வாரத்துக்கு ஒருமுறை அளவை ஏற்றுவோம். ஒரேயடியாகப் பெரியதை வைத்தால் கீழ்மடிப்பு கிழிந்து தழும்பாகும், பிறகு எதுவும் நிற்காது. வழுக்கி விழுந்தால் அன்றே திரும்ப வைக்க வேண்டும். குழி அவ்வளவு வேகமாகச் சுருங்கும். கழுவ வெதுவெதுப்பான நீரும் சாதாரண சோப்பும். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக் வெடிப்பு விடும். சென்னைக்கோ மதுரைக்கோ போக அரசின் வெளிநாட்டுச் சிகிச்சைத் திட்டத்தில் விண்ணப்பிப்பவர்கள், ஒருமுறைப் பயணத்தில் இது முடியாது என்பதை மருத்துவக் குழுவுக்கான கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ரொட்ரிக்ஸ் வார்டு

பிறந்ததும் கண் முழுவதும் பிதுங்கி, கைப்பிடியளவு மெத்தென்று இருந்தால், விமானம் வரும்வரை நாங்கள் என்ன செய்வது?

கண்குழி அறுவை, கத்ர் போர்ன்

டெரட்டோமா என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று கருப்படலத் திசுவும் இருக்கும், டார்ச்சை ஒட்டி வைத்தால் ஒளி ஊடுருவும். பெரும்பாலும் தீங்கற்றது, ஆனாலும் வேகமாகப் பெருக்கும், அதற்குள் கருவிழி காய்ந்து வெந்துவிடும். ஏஎஃப்பி (சில கட்டிகளில் இரத்தத்தில் ஏறும் புரதம்) பார்க்க இரத்த மாதிரி எடுத்து வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

கருவிழிக்குக் காஜ் துணி வைக்காதீர்கள், ஈரத்தை அதுவே உறிஞ்சும், இழையும் கீறும். கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் கலக்காத கண் களிம்பை 2 மணிக்கு ஒருமுறை தாராளமாகப் போட்டு, மேலே சமையலறை கிளிங் ஃபிலிமைக் கண்குழி விளிம்பைத் தாண்டும் அளவுக்கு வெட்டி, நான்கு பக்கமும் நெற்றியிலும் கன்னத்திலும் டேப் போடுங்கள். மூக்கையும் வாயையும் அது தொடக் கூடாது. ஒவ்வொரு களிம்புக்கும் புதுத் துண்டு. போனில் படம் எடுக்கும்போது முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலைப்பக்கமிருந்து கீழ்நோக்கி ஒன்று, பக்கத்தில் ஸ்கேலை வைத்து.